பட்டியலில் இல்லாத கௌரம்மா

மனோரமா அக்கா இப்போதெல்லாம் மெதுவாகத்தான் தட்டச்சு செய்கிறார். திருத்தணி தாலுகா ஆபீஸுக்கு எதிரே மனு எழுதிக்கொள்ள வருகிறவர்களுக்கு இது பெரிய குறை. முன்பெல்லாம் நாம் வாயால் சொல்லி முடிப்பதற்குள் தாள் வெளியே வந்து விழும். இப்போது ஏதாவது ஒரு பெயர் வந்தால் கையை நிறுத்திவிட்டு, குனிந்து விசைகளைப் பார்த்து, ஒற்றை விரலால் தேடுகிறார். அக்காவுக்கு வயசாகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். ஐம்பத்து நாலெல்லாம் ஒரு வயசா? நான் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடுகிறவன், பெயர் தணிகைவேல். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக இருபது வருடம் ஓட்டியிருக்கிறோம். காரணம் வயது இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவருக்குச் சொந்த ஊர் கனகம்மாசத்திரம். அப்பா கண்ணையன் ரோட்டோரம் டயருக்குப் பஞ்சர் போட்டுக்கொண்டிருந்தார். பத்தாவது முடித்த பெண்ணைத் திருத்தணியில் டைப் கற்றுக்கொள்ள அனுப்பினார். முதல் பஸ்ஸில் வந்து ஆறு மணி வகுப்பில் உட்கார வேண்டும். விசைகளைப் பார்க்கக் கூடாது என்று அங்கே கையின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார்களாம். அப்படி மூடிய துணிக்கு அடியில் கற்றுக்கொண்ட கை அது. தமிழில் ஹையர் தேர்வை முதல் வகுப்பில் முடித்தார். அந்தச் சான்றிதழ் இன்னும் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சாமி படத்தைவிட அது கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது என்று நான் ஒருமுறை சொல்லப்போய், அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தமிழ் டைப்ரைட்டரில் 'கௌ' என்ற எழுத்துக்கு ஒரு வழி இருந்தது. இடப்பக்கக் கொம்பை அடி, க-வை அடி, பிறகு ள-வை அடி. தாளில் பார்த்தால் கௌ. வலப்பக்கம் வர வேண்டிய குறியும் ள என்ற எழுத்தும் பார்க்க ஒன்றாகவே இருப்பதால், மெஷின் செய்தவன் ஒரு விசையை மிச்சம் பிடித்துவிட்டான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. தாளைப் படிக்கப்போவது மனிதன்தானே.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அக்காவும் வாங்கினார். ஆனால் விசைப்பலகை மட்டும் டைப்ரைட்டரில் இருந்த அதே அமைப்பில்தான் வேண்டும் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டார். கொம்பு, க, ள. கை பழைய வழியிலேயே போனது. கௌதமன் என்று ஒருவர், தன் மனு ஆன்லைனில் தேடினால் கிடைக்கவில்லை என்று இரண்டு முறை வந்து நின்றார். சர்வர் சரியில்லை, நாளைக்குப் பாருங்கள் என்று அக்கா அனுப்பிவைத்தார். சர்வர்மேல் பழிபோட்டால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நானும் ஜெராக்ஸ் மெஷின் மக்கர் செய்தால் கரன்ட்டைத்தான் திட்டுவேன்.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை லட்சம் பேர் வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்ல எனக்குத் தெரியாது. காவடிகளுக்கு நடுவில் மனிதர்கள் காணாமல் போவது மட்டும் தெரியும். அப்படித் தொலைந்தவர்களைச் சேர்த்துவைக்க ஊரில் ஒரு தொண்டர் குழு இருக்கிறது. நாங்கள் இருவரும் அதில் உண்டு. முன்பு ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு நோட்டு இருக்கும். போன வருடம் நோட்டை ஒழித்துவிட்டு, ஏழு கூடாரத்துக்கும் ஏழு லேப்டாப், எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் என்று மாற்றினார்கள். கிடைத்தவரின் பெயரை ஒரு கூடாரத்தில் பதிந்தால் மற்ற ஆறிலும் தேடலாம். அறிவிப்புக்கும் ஆள் கிடையாது. பட்டியலில் இருக்கும் பெயரைக் கம்ப்யூட்டரே ஒலிபெருக்கியில் படித்துவிடும். பள்ளிப்பட்டுப் பையன் ஆகாஷ், சென்னையில் வேலை பார்க்கிறவன், சும்மா செய்து கொடுத்த ஏற்பாடு அது.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, ஒரு கல்யாண மண்டபத்தில் அவன் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தான். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள், உலகம் முழுக்க ஒரே எண்தான், கம்ப்யூட்டருக்கு எழுத்தின் உருவம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும் என்றான். 'கௌ'-வில் வருகிற குறிக்கு என்று தனி எண் இருக்கிறது, தனி விசையும் இருக்கிறது, ள-வைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள் என்று அதை மட்டும் இரண்டு முறை சொன்னான். போர் பம்புக்கு வாங்குகிற போல்ட்டும் நட்டும் பார்க்க ஒரே அளவாக இருக்கும், மரை வேறாக இருந்தால் ஏறாது, அது மாதிரி என்றான். மண்டபத்தில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம் என்பதால் தலையை ஆட்டினார்கள்.

மனோரமா அக்கா எழுந்து, இரண்டு விதமாகவும் அடித்து அச்செடுத்துக் காட்டச் சொன்னார். எடுத்தான். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அக்கா அந்தத் தாளை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"இதுல எது ரைட்டு, எது தப்புன்னு யாராச்சும் சொல்லுங்க பாக்கலாம்."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்துக் கடைக்காரன் சிரிக்காமல் இருந்தால் நாளைக்கு டீ யார் வாங்கித் தருவது? ஆகாஷுக்கு முகம் சிவந்துவிட்டது. கண்ணுக்கு ஒன்றுதான், தேடும்போதுதான் தெரியும் என்று முணுமுணுத்தான். தப்பாக அடித்தாலும் மெஷினே திருத்திக்கொள்ளும்படி அவன் செய்திருக்கலாம். பிறகு கேட்டதற்கு, செய்ய நினைத்தேன், நேரம் இல்லாமல் விட்டுவிட்டேன் என்றான். ஆக, குறை ஒருவர் பக்கம் மட்டும் இல்லை. சிரித்தவர்களும் இருக்கிறோம்.

கிருத்திகை அன்று அக்காவுக்குச் சரவணப் பொய்கைக் கூடாரம். பஸ் ஸ்டாண்டு கூடாரத்தில் நிர்மலா, கல்லூரி முடித்த பெண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பட்டியலை அச்செடுத்துப் பலகைகளில் ஒட்டுவது என் வேலை.

காலை பத்து மணிக்குப் பொய்கைக் கரையில் ஒரு பெண்மணி தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தொண்டர்கள் கூடாரத்துக்கு அழைத்துவந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். பேச்சு வரவில்லை, வலது கையும் சரியாக வராது. ஆனால் காது நன்றாகக் கேட்டது, சொன்னது புரிந்தது. ஊர், வீட்டுக்காரர் பெயர் எதையும் சொல்ல முடியாமல் அழுதவர், கடைசியில் வலது முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்த பெயரை இடது கையால் தட்டிக் காட்டினார். கௌரம்மா. அக்கா அதைப் பார்த்தார், அடித்தார். கொம்பு, க, ள, மீதி எழுத்துகள். ஒரு நொடி வேலை.

கௌரம்மாவின் கணவர் பக்தவச்சலம், பள்ளிப்பட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்துப் பயிர் செய்கிறவர். மனைவிக்குப் பக்கவாதம் வந்து பிழைத்ததற்காக மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டுதல். மனைவியைக் கரையில் உட்காரவைத்துவிட்டு மொட்டை போடப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் தடுப்புகளை மாற்றிவிட்டார்கள். கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு பக்கம் விட்டது. எதிர்த்து நடக்க வழியில்லை.

அவர் முதலில் நிர்மலாவிடம் வந்தது பதினொன்றரைக்கு. அவள் கௌரம்மா என்று தேடினாள். இல்லை. பேச்சுவாக்கில் எழுதியிருப்பார்களோ என்று கவுரம்மா, கெவுரம்மா என்றும் போட்டுப் பார்த்தாள். இல்லை. ககர வரிசையில் கௌ கடைசியில்தானே வரும் என்று பட்டியலின் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அக்கா அடித்த பெயர், மேலே 'கெ' வரிசையில் கெங்கம்மாக்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. அங்கே தேட அவளுக்கு ஏன் தோன்றப்போகிறது? எல்லாக் கூடாரத்துப் பெயரும் இதில் வந்துவிடும், நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம், இங்கேயே இருங்கள் என்று அவரை உட்காரவைத்தாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

அவர் ஒரு மணிக்குக் கேட்டார், மூன்று மணிக்குக் கேட்டார். இல்லை, இல்லை. இதற்கிடையில் யாரோ ஒரு புண்ணியவான், பேச்சு வராத அம்மா ஒருத்தி திருப்பதி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டான். ஐந்தரை மணி பஸ்ஸில் அவரும் திருப்பதிக்குப் போவது என்று முடிவாயிற்று. திருப்பதியில் எங்கே தேடுவது என்று அவருக்கே தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் திருப்பதி பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துப் பலகையில் பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்தேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மொட்டைத் தலையோடு ஒருவர் வந்து, பசை காயாத தாளில் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இது எங்க ஊட்டுக்காரம்மா பேருங்க."

பொய்கைக் கூடாரம், பெண், வயது ஐம்பது, பேச்சு வராது. எல்லாம் சரியாக இருந்தது. நான் அவரை இழுத்துக்கொண்டு நிர்மலாவிடம் ஓடினேன். அவள் மறுபடியும் தேடினாள். இல்லை என்றது.

"பேப்பர்ல கீது, கம்ப்யூட்டர்ல இல்லன்னா இன்னா அர்த்தம்?" என்றேன்.

அக்காவுக்கு போன் போட்டேன். மாலை ஐந்து மணி வரை ஆள் வராதவர்களை இரவு தங்கவைக்கத் திருவள்ளூரில் ஒரு இல்லத்துக்கு அனுப்புவது வழக்கம். வேன் கிளம்பி அரை மணி ஆகிறது, கௌரம்மாவும் அதில் போய்விட்டார் என்றார் அக்கா. இல்லத்துக்குப் பேசினோம். ஒன்பது பேரோடு வேன் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். பக்தவச்சலம் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா கால்மணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் நிர்மலாவைப் பிடித்துக்கொண்டார். பத்து மணிக்கே பதிந்த பெயரை ஒரு நாள் முழுக்க இல்லை என்று சொன்னால் என்ன வேலை பார்க்கிறாய், தேடத் தெரியாதவளுக்கு எதற்கு இந்த நாற்காலி என்று கேட்டார். நிர்மலாவை எழுப்பிவிட்டு, அதே லேப்டாப்பில் தானே உட்கார்ந்து அடித்தார். பெயர் உடனே வந்தது.

"இப்ப வந்துச்சா இல்லியா?"

நிர்மலா, அக்கா அடித்த பெயருக்குக் கீழேயே தன் கையால் ஒருமுறை அடித்தாள். திரையில் இரண்டு கௌரம்மா, ஒன்றின் கீழ் ஒன்று. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவள் கீழே இருந்த பெயரில் கௌ-வுக்கு அடுத்து நின்று ஒருமுறை அழித்தாள். இரண்டு பக்கக் குறியும் சேர்ந்து போய், வெறும் 'க' நின்றது. மேலே இருந்த பெயரிலும் அதே இடத்தில் ஒருமுறை அழித்தாள். ள மட்டும் போனது. 'கெ' என்று நின்றது.

"உங்களுது கெ, ள. ரெண்டு எழுத்துக்கா. நா தேடுனது வேற பேரு."

அக்கா அந்த 'கெ'-யைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதாவது திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் எழுந்து நாற்காலியை நிர்மலாவுக்கு விட்டார். நானும் திருவள்ளூருக்கு வருகிறேன் என்று பக்தவச்சலத்திடம் சொன்னார். யாரும் கூப்பிடாமலே நானும் கிளம்பினேன்.

மாலை ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு எப்படியோ உட்கார இடம் கிடைத்தது. மனைவி கிடைத்துவிட்ட நிம்மதியில் பக்தவச்சலத்துக்குப் பேச்சு வந்துவிட்டது. அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து அன்றைய நாளை முதலிலிருந்து சொன்னார். கூடாரத்துப் பெண் நல்ல மாதிரி, பாவம், மோர் வாங்கிக் கொடுத்தாள் என்றார். பிறகு ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசினார்.

"காலைலேர்ந்து மைக்குல ஒரே பேரைக் கூவிகினே இருந்துச்சுங்க. கெ-ள-ரம்மா, கெ-ள-ரம்மான்னு. ஆந்திராப் பக்கத்துப் பேரு போலன்னு நெனச்சேன். மத்தவங்கள எல்லாம் வந்து கூட்டிகினு போய்ட்டாங்க, இந்தம்மாவுக்கு மட்டும் ஒரு ஆளும் வரல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் பொண்டாட்டிய வேண்டிக்கிறப்போ, முருகா, அந்தம்மாவையும் அவுங்க ஆளுங்களோட சேத்துடுப்பான்னு சேத்து வேண்டிகினேன்."

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. கெ, ள என்று எழுதியதைக் கம்ப்யூட்டர் கெ, ள என்றுதான் படித்திருக்கிறது. அந்தக் குரல் எல்லாப் பெயரையும் வெளியூர்க்காரன் படிப்பது போலவே படித்ததால், மேளச் சத்தத்துக்கு நடுவில் நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவே இல்லை. இந்த மனிதர் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா மறைக்கவில்லை. அதற்காக அவரை நான் என்றைக்கும் மதிப்பேன்.

"அது உங்க ஊட்டுக்காரம்மா பேருதாங்க. நான் எழுதுனது தப்பு. மெஷினு நான் எழுதுனதைத்தான் படிச்சுது."

பக்தவச்சலம் உடனே புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

இல்லத்தில் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கௌரம்மாவுக்கு முதலில் கணவரை அடையாளம் தெரியவில்லை. அவர் குனிந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் மொட்டையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு அவர் தோளில் இடது கையால் அடி அடியென்று அடித்தார். அவர் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டார். வேண்டிய மட்டும் அடித்து ஓய்ந்த பிறகுதான் கௌரம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

அக்காவைப் பார்த்ததும் வேகமாக வந்து அவருடைய புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். இழுத்துவிட்டு மேலே கையைக் காட்டினார். காதைத் தொட்டார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடியும் தலைப்பை இழுத்தார்.

அக்கா தலைப்பை அவர் கையிலேயே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் என்னிடம் சொன்னார். கூடாரத்தில் ஒவ்வொரு முறை ஒலிபெருக்கி பேசும்போதும் இந்த அம்மா இப்படித்தான் தலைப்பை இழுத்திருக்கிறார். கால்மணிக்கு ஒருமுறை, நாள் முழுக்க. பயத்தில் செய்கிறார் என்று நினைத்து அக்கா முதுகைத் தட்டி, வந்துடுவாங்கம்மா, வந்துடுவாங்க, சும்மா குந்தும்மா என்று ஒவ்வொரு முறையும் உட்காரவைத்திருக்கிறார். ஏழு கூடாரத்திலும் அந்தப் பெயர் தப்பு என்று தெரிந்த ஒரே ஆள் கௌரம்மாதான். அவருக்குத்தான் வாய் இல்லை.

"எனக்குப் புரியலம்மா," என்றார் அக்கா. "என் கை தப்பா எழுதிடுச்சு. உன்னை இவ்ளோ நேரம் தவிக்க வுட்டது நான்தான். மன்னிச்சுக்கம்மா."

கௌரம்மா தலைப்பை விட்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. மடங்கிக் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி, பச்சை குத்திய பெயர் தெரியும்படி அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். நீட்டியபடியே நின்றார். பக்தவச்சலம், வாம்மா போலாம் என்று கூப்பிட்டார். அவர் நகரவில்லை.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் படித்தார்.

"கௌ... ரம்... மா."

அதற்குப் பிறகுதான் கௌரம்மா கையை இறக்கினார்.